ஃப்ரீசரில் போட்டால் கிருமி சாகாது

"ஐஸ்ல போட்டாச்சு டாக்டர், இனி ஒண்ணும் ஆகாது." மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை வட்டாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களிடம் கால்நடை மருத்துவரான நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. லைசென்ஸ், துப்பாக்கி எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பார்கள். இறைச்சி வைக்கும் கொட்டகைக்குள் போனால்தான் வயிற்றைக் கலக்கும்.

குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2021 தொடக்கத்தில் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்தில் தலைகாட்டிய இந்த நோய், 2023 ஜனவரியில் பினாங்குப் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது. சபாவில் காட்டுப்பன்றிகளும் செத்தன. இது மனிதர்களுக்குத் தொற்றாது. அதைச் சொன்னதும் பலருக்கு அக்கறை போய்விடுகிறது! ஆனால் கொட்டகைத் தரையில் மிதித்த அதே பூட்ஸோடு பன்றி வளர்க்கும் மச்சான் வீட்டுக்குப் போனால் அவருடைய மந்தையே போய்விடும். பூட்ஸ், பாராங் கத்தி, தார்ப்பாய், லாரி டயர் என்று எதில் வேண்டுமானாலும் அது ஒட்டிக்கொண்டு போகும்.

கொட்டகையில் நான் முதலில் பார்ப்பது ஃப்ரீசர் கதவின் ரப்பர். அதன் மடிப்பைப் பிதுக்கினால் பழைய ரத்தம் கறுப்புக் களிம்பாக வரும். அடுத்தது தரைச் சாக்கடை. ரத்தத்தின் மேலேயே குளோரின் ஊற்றிவிட்டு "மருந்து அடிச்சிட்டோம்" என்பார்கள். ரத்தமும் கொழுப்பும் குளோரினின் வீரியத்தை அங்கேயே தின்றுவிடும். முதலில் சுரண்டி எடுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தம் வெந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகுதான் மருந்து. அதையும் உடனே கழுவிவிடாமல் டப்பாவில் போட்ட நேரம்வரை ஊற விடவேண்டும்.

இன்னொரு தப்பு, சூடு ஆறாத தொடைகளைத் தோலோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நம் ஊரில் இரவிலும் 25 டிகிரி இருக்கிறது. தோலும் கொழுப்பும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைப்பதால் மேலே ஐஸ் கட்டியிருந்தாலும் எலும்பை ஒட்டிய சதை வெதுவெதுப்பாகவே இருக்கும், அங்கேதான் அழுகல் தொடங்கும். குடலை உடனே எடுத்துவிட்டு, துண்டுகளுக்கு நடுவே காற்றுப் போகும்படி குளிருக்குள் தொங்கவிட்டு, உள்சதை 4 டிகிரிக்கு வந்ததும் அடுக்குங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஊசி தெர்மாமீட்டரை எலும்புவரை குத்திப் பாருங்கள்.

எலி நடமாட்டம் இருந்தால் கென்சிங் தீக்குஸ், அதாவது எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் பயம். கையில் வெட்டுக்காயத்தோடு வெறுங்காலில் கொட்டகை கழுவுகிறவருக்குத்தான் முதல் ஆபத்து. கையுறையும் பூட்ஸும் போடச் சொன்னால் "நாங்க எத்தனை வருஷமா..." என்று ஆரம்பிப்பார்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று. காட்டு விலங்குகளில் இருக்கும் ட்ரிக்கினெல்லா புழுவில் சில வகை, உறைய வைத்தாலும் சாகாது. ஈரலில் ஹெப்பாட்டைட்டிஸ் ஈ இருக்கக்கூடும். வருவலோ பெரட்டலோ, துண்டின் நடுவில் 71 டிகிரி தாண்டும்வரை வேகட்டும். தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள, தணலில் வாட்டிய பாதி வெந்த ஈரல் வேண்டவே வேண்டாம்.

குடலையும் தோலையும் ஆற்றில் வீசாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். தோட்டத்தில் தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியை மட்டும் யாரும் தொடவேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு ஃபோன் போடுங்கள்.