குரூப் போட்டோவில் முதலில் தேடும் முகம்

வேலையிடத்தில் எடுத்த குரூப் போட்டோ கைக்கு வந்ததும் முதலில் யாரைத் தேடுகிறோம்? நம்மைத்தான். கண் மூடியிருக்கிறதா, முன்வரிசைக்காரர் தலை மறைத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஞாபகம் வருகிறது. இதில் தற்பெருமை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சொந்த முகத்தை மூளையும் வேகமாகவே பிடித்துவிடுகிறது. முகக் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடச் சொல்லும் சோதனைகளை 1999இல் வெளியிட்டார்கள். ஓர் அந்நியர் முகத்தை நூற்றுக்கணக்கான தடவை காட்டிப் பழக்கிய பிறகும், தங்கள் முகத்தையே ஆட்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்.

சரி, தேடிப் பார்த்து நாம் படத்தில் இல்லையென்றால்?

உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருமுறை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, வீசி விளையாடும் தட்டு ஒன்று அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். விளையாடிக்கொண்டிருந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றும் சொல்லாமல் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் மனசு சுருக்கென்றது. அதையே ஆய்வாக்கினார். கணினித் திரையில் உங்களையும் சேர்த்து மூவர் பந்து வீசுவார்கள். சில வீச்சுகளுக்குப் பிறகு பந்து உங்களிடம் வரவே வராது.

2003இல் அவரும் சகாக்களும் 13 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இதை ஆடவிட்டார்கள். ஒதுக்கப்பட்டபோது மூளையின் முன் சிங்குலேட் பகுதி கூடுதலாக இயங்கியது. உடல் வலியின் வேதனையிலும் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. அதற்கு வேறு வேலைகளும் இருப்பதால் இரண்டும் ஒரே வலி என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். என்னை அசரவைப்பது 2004இல் வந்த முடிவுதான்: எதிரே ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் ஆட்கள் வருந்தினார்கள்!

தனித்து விடப்பட்டவருக்கு இரையும் பாதுகாப்பும் கிடைக்காத காலத்தில் உருவான எச்சரிக்கை மணி இது என்பது பரவலான விளக்கம்.

அந்த மணி தலைமுறை தாண்டியும் அடிக்கும்போல. 1869 மே 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் இணைந்தன. ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இரண்டு இன்ஜின்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. மேற்குப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். கூட்டத்தில் அவர்களைத் தேடினால் கண்ணில் படுவதில்லை. 2014இல் புகைப்படக்காரர் கார்க்கி லீ அவர்களுடைய வழித்தோன்றல்களைத் திரட்டி, அதே இடத்தில் இன்ஜின்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார், 145 வருடம் கழித்து.