யார் இந்தப் 'பரந்த பெறுநர்'?

2025 மே மாதம் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியிடமிருந்து ஜார்ஜ் பிக்கன்ஸ் என்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்தது. டல்லாஸ் பக்கம் டீக்கடை பெஞ்சு என்று ஒன்று இருந்திருந்தால் அந்தக் கோடை முழுக்க அங்கே ஒரே பேச்சுதான் ஓடியிருக்கும். அதே வேலைக்கு ஏற்கெனவே சீடீ லாம் இருக்கிறார், இப்போது பிக்கன்ஸும் வந்துவிட்டார், வருகிற சீசனில் யாரை எங்கே நிறுத்தப் போகிறார்கள்? நல்ல கேள்வி. அதைத் தமிழில் சொல்ல வந்த செய்தி ஒன்று என் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. தலைப்பு இது: 'டல்லாஸ் தனது பரந்த பெறுநர்களை எவ்வாறு வரிசைப்படுத்தும்?'

படித்ததும் எனக்கு வந்த காட்சி, அகலமான ஆட்கள் நாலைந்து பேர் தபாலாபீஸில் மணியார்டர் வாங்க வரிசையில் நிற்பதுதான். வைட் ரிசீவர் என்பதற்குப் 'பரந்த பெறுநர்' என்ற மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. நாலு தடவை பொறுத்தேன், இது ஐந்தாவது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது நம் கால்பந்து இல்லை, கையால் எறிந்து பிடித்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் பந்து கிடக்கும் கோட்டில் நிற்க வேண்டும். அவர்களில் நடுவே நிற்கும் ஐந்து கனத்த ஆட்கள் தடுப்புச் சுவர், முன்னே எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு வழக்கமாக உரிமை கிடையாது. எறிகிற குவார்ட்டர்பேக்கைக் கழித்தால் மிச்சம் ஐந்து பேர். (நல்லவேளை, 'கால்முதுகர்' என்று இன்னும் யாரும் எழுதவில்லை.) அந்த ஐவரில் கூட்டத்தை விட்டு விலகிப்போய் நிற்பவர்தான் வைட் ரிசீவர்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். ரிசீவ் என்பது லத்தீன் 'ரெசிபெரே', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குள் இருக்கும் அடி 'கபெரே', அதாவது பிடி, கைப்பற்று. ஆங்கிலத்தின் 'கேட்ச்' என்ற சொல்லும் அதே அடியிலிருந்து வேறு கிளையாக இறங்கியதுதான். ஆக ரிசீவும் கேட்சும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். (நம் 'ரசீது' இந்தக் குடும்பம் இல்லை. ஒலியைக் கேட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அது 'வந்து சேர்தல்' என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லின் வழி.)

இப்போது பெறுநருக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிய எவருக்கும் இந்தச் சொல் தெரியும். இடப்பக்கம் 'அனுப்புநர்', கீழே 'பெறுநர்', அப்புறம் 'ஐயா'. வங்கியில் பணம் யார் கணக்குக்குப் போகிறதோ அவரும் பெறுநர். அங்கெல்லாம் பொருத்தமான, நல்ல சொல். அதன் இலக்கணத்திலும் குறையில்லை. பெறு என்ற வினையோடு 'நர்' சேர்ந்தது, பழைய 'பொருநர்', 'மகிழ்நர்' போல. அந்தச் செய்தியின் மூன்றாம் பத்தியில் இது 'பெறுனர்' ஆகிவிட்டது வேறு கதை. இயக்குநர் 'இயக்குனர்' ஆனதற்கே அழுது முடித்துவிட்டோம்.

என் சண்டை அதன் பொருளோடுதான். தமிழில் 'பெறு' என்றால் ஒருவர் கொடுக்க நம்மிடம் வந்து சேர்வது. பரிசு பெறுகிறோம், ஓய்வூதியம் பெறுகிறோம். வருகிற இடத்தில் இருந்தால் போதும். பிள்ளை பெறுவதில் மட்டும்தான் பெறுகிறவருக்கு வேலை இருக்கிறது, அந்த வலி இந்தச் செய்தியை எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ரிசீவர் அப்படி வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. முழுவேகத்தில் ஓடி, உள்ளே திரும்புவதுபோல் தோளைக் காட்டி, வெளியே வெட்டி, முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிற காவல்காரனை அரையடி தள்ளி விட்டுவிட்டு, அந்த அரையடிக்குள் பந்தைப் பறித்தெடுக்கிறார். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். சில ஆட்டங்களில் ஒரு பந்துகூட வராது. எதிராளிகள் இருவரைத் தன் பக்கம் இழுத்துப்போவதே அன்றைய வேலையாக இருக்கும். ஒன்றும் பெறாத பெறுநர்!

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் கைக்குப் பந்து வந்தால் மட்டும் போதாது. பந்து பிடிக்குள் அடங்க வேண்டும், இரண்டு பாதமும் எல்லைக்குள் பட வேண்டும், அதற்குப் பிறகும் ஒரு எட்டோ ஒரு நீட்டலோ வேண்டும். 2015 ஜனவரியில் கிரீன் பே ஊரில் நடந்த நாக்அவுட் ஆட்டத்தில் டல்லாஸின் டெஸ் பிரையன்ட் தாவி எடுத்தார், எதிரணியின் கடைசிக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார், விழும்போது பந்து தரையில் பட்டு அசைந்தது. நடுவர்கள் திரும்பப் பார்த்துவிட்டு, பிடி செல்லாது என்றார்கள். டல்லாஸ் தோற்றது. 2018இல் விதியையே மாற்றினார்கள். அன்று பிரையன்ட் பந்தைப் பெற்றாரா? உலகமே பார்த்தது, பெற்றார். பிடித்தாரா? அதுதான் வழக்கு. ஆட்டத்தின் உயிர்நாடியான விதியே 'பெறுதல் வேறு, பிடித்தல் வேறு' என்று நிற்கும்போது, அந்த ஆளுக்குப் பெறுநர் என்று பெயர் வைத்தால் எப்படி?

எங்கள் பக்கத்தில் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் பெறுநர் கட்சி. அவருடைய வாதம் ஒருமை. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒரே சொல் இருக்க வேண்டும், ரிசீவர் எங்கே வந்தாலும் பெறுநர், அப்போதுதான் கலைச்சொல் நிலைக்கும் என்பார். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தொடர்கதைகளில் கதாநாயகி அதிர்ச்சியில் கைநழுவவிட்டது ரிசீவரைத்தான், பெறுநரை அல்ல. கோயில் சொத்து வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் எதையும் தனக்காகப் பெறுவதில்லை, பெற்றால் அவர் மேலேயே வழக்கு வரும். ஆங்கிலம் ஒரே சட்டையை நாலு பேருக்கு மாட்டிவிட்டது. நாமும் அதையே தைத்து மாட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? 'அவனவன் செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம் சார்' என்றேன். 'அப்படியானால் அகராதி எதற்கு?' என்றார். அன்றைக்குக் காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இலங்கைத் தமிழ் வழக்கோடு பழகிய இன்னொருவர் 'பந்துவாங்கி' என்றார். இதில் பெறுநரைவிட உயிர் இருக்கிறது. ஒலிவாங்கி, அலைவாங்கி என்று நல்ல வார்ப்புகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் அவை எல்லாம் கருவிகள். ஆளைச் சொன்னால் கொஞ்சம் மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது. தவிர, 'டல்லாஸ் ஒரு பந்துவாங்கியை வாங்கியது' என்று எழுதிப் பாருங்கள். 'ஏந்தி' என்று ஒரு யோசனையும் வந்தது. ஏந்துதலில் பிடிப்பதும் எடுத்துச் செல்வதும் சேர்ந்தே இருக்கின்றன, பொருள் அழகாகத்தான் உட்காருகிறது. ஆனால் ஏந்தி என்றதும் எனக்குக் கையேந்தி பவன்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு விடை கிடைத்தது வீட்டு சோபாவில். மாமனார் வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தவர் கேட்டார்: 'மாப்ள, அந்தா கோட்டு ஓரத்துல ஒருத்தன் தனியா நிக்கிறானே, கோவிச்சுக்கிட்டானா?'

இல்லை மாமா, அவன் வேலையே அதுதான், பந்து பிடிக்கிறவன் என்றேன்.

'அப்ப மாடுபிடி வீரன் மாதிரி, பந்துபிடி வீரன்னு சொல்லு.'

அவ்வளவுதான். வாடிவாசலிலிருந்து சீறி வருகிற காளையின் திமிலை அணைக்கிறவரை நாம் 'மாடு பெறுநர்' என்று சொல்லவில்லையே. மாடுபிடி வீரர் என்ற சொல்லை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கவில்லை. பாய்ச்சல், கணிப்பு, பிடி நழுவினால் மண்ணைக் கவ்வுவது எல்லாம் அதில் இருக்கின்றன. பந்துபிடி வீரர், சுருக்கமாகப் பிடிவீரர். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிறவரோடு குழம்பாதா என்று நண்பர் கேட்டார். கிரிக்கெட்டில் அது ஒரு நிகழ்வு, களத்தில் நிற்கும் யாரும் பிடிக்கலாம். இங்கே அது ஒருவரின் தொழில். குழம்பாது.

அடுத்தது 'பரந்த'. வைட் என்ற சொல் இங்கே ஆளின் பருமனைச் சொல்லவில்லை, நிற்கும் இடத்தைச் சொல்கிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. நடுக்கூட்டத்தைவிட்டு விலகி, ஓரக்கோட்டை நோக்கிப் போய் நிற்பதால் வைட். வேடிக்கை என்னவென்றால், தமிழில் 'அகல்' என்ற வினைக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு: விரிவது, விலகுவது. 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்கிற 691ஆம் குறளில் அகலாது என்றால் விலகிப் போகாமல் என்றுதான் பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியில் இன்னும் ஒரு வரி கீழே போயிருந்தால் கிடைத்திருக்கும். ஆனாலும் 'அகன்ற பிடிவீரர்' என்றால் இன்றைய காதுக்கு மறுபடியும் தொப்பைதான் தெரியும். அதனால் 'ஓரப் பிடிவீரர்' போதும். மாமாவும் கோட்டு ஓரம் என்றுதானே சொன்னார்.

ஓரம் என்று வைத்துக்கொண்டால்தான் டல்லாஸின் கேள்வியே தமிழில் புரியத் தொடங்குகிறது. ஓரத்திலும் இரண்டு நிலை. ஒருவர் பந்து கிடக்கும் கோட்டிலேயே நிற்க வேண்டும், பயிற்சியாளர்கள் அவரை எக்ஸ் என்பார்கள். காவல்காரன் நெஞ்சுக்கு நேரே நின்று முட்டுவான், தப்பித்து ஓடத் திராணி வேண்டும். இன்னொருவர் இஸட், கோட்டுக்கு ஒரு எட்டுப் பின்னால் நிற்பார், பந்து கிளம்பும் முன்பே பக்கவாட்டில் நகரவும் செய்யலாம். மூன்றாவது நிலை ஸ்லாட். ஓரக்காரருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதற்கு அந்தச் செய்தி 'துளைப் பெறுநர்' என்று எழுதியிருந்தது. இதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஸ்லாட் என்பது சந்து. இரண்டு வீட்டுக்கு நடுவே போகிற அதே சந்து. சந்தில் நிற்பவர் இடப்பக்கமும் வெட்டலாம், வலப்பக்கமும் வெட்டலாம், ஓரக்காரரைப்போல் எல்லைக்கோடு ஒரு பக்கம் கதவடைக்காது. கூட்டத்தை விட்டு அகலவும் இல்லை, ஒட்டவும் இல்லை, வள்ளுவர் சொன்ன குளிர்காய்கிறவரின் தூரம். 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் கூப்பர் கப் பெரும்பாலும் இங்கிருந்தே புறப்பட்டு 145 பந்துகள், 1,947 கஜம், 16 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) என்று மூன்று கணக்கிலும் முதலிடம் பிடித்தார். இவர் 'சந்துப் பிடிவீரர்'. சந்து என்றால் மட்டமாக ஒலிக்கிறதாம், நண்பர் முகம் சுளித்தார். 'இடைநிலைப் பெறுநர்' என்றால் மட்டும் என்ன, பள்ளிக்கல்வித் துறையில் வேலை செய்கிறவரைப்போல் இருக்கிறது.

இப்போது அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருந்த விஷயத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். லாம் 2023இல் 135 பந்துகள் பிடித்து 1,749 கஜம் எடுத்தவர். ஓரத்திலும் ஆடுவார், சந்திலும் ஆடுவார். ஆனால் ஓரத்தில் எதிராளியை மிரட்ட இன்னொரு ஆள் இல்லாவிட்டால் அவரைத்தான் அங்கே கட்டிப்போட வேண்டியிருக்கும். பிக்கன்ஸோ ஓரத்துக்கே பிறந்தவர். எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு, காவல்காரன் தலைக்கு மேலே எம்பிப் பிடிப்பது அவர் கைவேலை. ஆகவே பிக்கன்ஸை ஓரத்தில் நிறுத்தினால் லாமைச் சந்துக்குள் விடலாம், பந்துக்குப் பந்து இடம் மாற்றலாம். இருவரையும் ஒரே பக்கம் நிறுத்தி எதிரணியைத் தலையைச் சொறிய வைக்கலாம். ஒரு செய்தியாளர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். 'வரிசைப்படுத்தும்' என்று போட்டதில் இது எதுவும் இல்லை. டிப்ளாய் என்று எங்கே பார்த்தாலும் வரிசைப்படுத்து என்று கொட்டுவது கணினி மென்பொருள்காரர்கள் ஆரம்பித்துவைத்த வியாதி. ஆளை வரிசைப்படுத்துவது ரேஷன் கடையில். இங்கே ஆளை நிறுத்துகிறார்கள், இறக்குகிறார்கள்.

பெறு என்ற சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆட்டம் தொடங்க ஒரு அணி உதைக்கும், இன்னொரு அணி அந்தப் பந்தை வாங்கிக்கொள்ளும். நாணயம் சுண்டி ஜெயித்தவர் 'பெறுகிறோம்' என்று சொல்லலாம். அங்கே அது 'பெறும் அணி', எனக்கு மறுப்பில்லை.

மிச்சம் இருப்பது டைட் எண்ட். தடுப்புச் சுவரின் கடைசி ஆளோடு ஒட்டி நின்று, முட்டவும் செய்து பிடிக்கவும் செய்கிறவர். 'இறுக்கமான முனை' என்று போட்டிருந்தார்கள், பேண்ட் தைக்கக் கொடுத்ததுபோல. நான் 'ஒட்டுமுனை வீரர்' என்று வைத்துப் பார்த்தேன். செருப்புக் கடைப் பசை மாதிரி இருக்கிறது என்றார் நண்பர். வாடிப்பட்டிக்கு போன் போட்டேன். மாமா இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறார்.