காம்பன்சேட்டிங் கேபிள்: எதற்கு ஈடு?

உலையிலோ கொதிகலனிலோ வெப்பநிலை அளக்கச் செருகிய தெர்மோகப்பிளில் இருந்து கண்ட்ரோல் ரூம் வரை ஓடும் கேபிளை ஆலைகளில் காம்பன்சேட்டிங் கேபிள் என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'ஈடுசெய் வடம்' என்று வரும். சரி, எதை ஈடுசெய்கிறது? தூரத்தால் குறையும் மின்னழுத்தத்தை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்தக் கேபிள் எந்த இழப்பையும் ஈடுகட்டுவதில்லை.

காம்பன்சேட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'காம்' என்றால் உடன். 'பென்சாரே' என்றால் எடைபோடுதல். தராசின் இரண்டு தட்டிலும் வைத்து ஒன்றை மற்றொன்றால் சமன்செய்வது என்பதே மூலப்பொருள். கேபிள் என்பதும் லத்தீன் வழி வந்ததுதான், மாட்டைக் கட்டும் கயிற்றைக் குறித்த சொல். தமிழில் தேர் இழுக்கும் வடம் மின்வடம் ஆனது போல அங்கேயும் கயிறுதான் கேபிள் ஆனது. தெர்மோகப்பிளை வெப்ப மின்னிரட்டை என்கிறோம்: இரு வேறு உலோகக் கம்பிகளின் சோடி.

அந்தச் சோடி என்ன செய்கிறது என்பதை 1821இல் சீபெக் கண்டார். கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் எழுகிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது உலையின் வெப்பநிலை அல்ல, உலைக்கும் அந்த உலோகச் சோடி முடியும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு. சோடி முடிந்து தாமிரம் தொடங்கும் அந்த இடம்தான் குளிர்சந்தி. கண்ட்ரோல் ரூம் கருவி தன் டெர்மினலின் வெப்பநிலையை அளந்து, அதற்குரிய மில்லிவோல்ட்டைக் கூட்டிக்கொள்கிறது. காம்பன்சேஷன் என்ற பெயருக்கு உரிய வேலை நடப்பது அங்கேதான்.

கே வகைத் தெர்மோகப்பிள் (குரோமெல், அலுமெல் என்ற இரு நிக்கல் கலவைக் கம்பிகளின் சோடி) 600 டிகிரி செல்சியஸில் 24.905 மில்லிவோல்ட் தர வேண்டும். தெர்மோகப்பிள் தலை, அதாவது அதன் கம்பிகள் வெளியே வந்து கேபிளோடு இணையும் பெட்டி, உலைச் சுவரை ஒட்டி 50 டிகிரியில் இருக்கிறது; அங்கிருந்தே சாதாரணத் தாமிரக் கேபிளை இழுத்துவிட்டோம் என்று வையுங்கள். 50 டிகிரிக்கு உரிய 2.023 மில்லிவோல்ட் கழிந்து 22.882 மட்டுமே வந்து சேரும். கருவியோ தன் 25 டிகிரிக்கு 1.000 மில்லிவோல்ட் கூட்டி 23.882 என்று கணக்கிடும். திரையில் 576 டிகிரி. தலையின் சூடு பகலுக்கும் இரவுக்கும் மாறுவதால் பிழையும் மாறிக்கொண்டே இருக்கும். கருவியில் நிலையான 24 டிகிரியைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது.

இதைத் தவிர்க்க, தலையில் இருந்து கருவி வரை தெர்மோகப்பிளைப் போலவே நடந்துகொள்ளும் கம்பி வேண்டும். அதற்குத் தமிழில் ஈடு என்ற சொல் ஆங்கிலத்தைவிடப் பொருத்தமாக அமைகிறது. ஈடுசெய்தால் இழந்ததைத் திரும்பத் தருவது. ஈடுகொடுத்தால் இணையாக நின்று தாக்குப்பிடிப்பது. இந்தக் கேபிள் ஈடுசெய்வதில்லை, தெர்மோகப்பிளுக்கு ஈடுகொடுக்கிறது. ஆகவே 'ஈடுசெய் வடம்' வேண்டாம். 'ஈட்டு வடம்' என்றே சொல்லலாம்.

இதில் இரண்டு வகை உண்டு, பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். தெர்மோகப்பிளின் அதே உலோகக் கலவையால் ஆனது எக்ஸ்டென்ஷன் கேபிள், அதாவது நீட்டு வடம். கே வகைக்கு இதன் குறியீடு கே.எக்ஸ். வேறு மலிவான உலோகங்களால் செய்து, குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் அதே மில்லிவோல்ட் தருமாறு அமைத்ததுதான் உண்மையான ஈட்டு வடம்: கே.சி.ஏ., கே.சி.பி. என்பவை. எஸ், ஆர் வகைகளில் கம்பி பிளாட்டினம் என்பதால் நூறு மீட்டருக்கு அதையே இழுக்க யாருக்கும் கட்டாது. தாமிரமும் தாமிர-நிக்கல் கலவையும் கொண்ட ஈட்டு வடமே வழி. பி வகை மட்டும் விலக்கு. 50 டிகிரியில் அது தருவது வெறும் 0.002 மில்லிவோல்ட், எனவே தாமிரமே போதும்.

ஐ.இ.சி. எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60584-3 தரப்படி கே.எக்ஸ். முதல் வகுப்புக்குப் பிழை எல்லை 1.5 டிகிரி, கே.சி.பி.க்கு 2.5 டிகிரி. அதைவிட முக்கியம் கேபிள் தாங்கும் சூடு. கே.சி.பி. 100 டிகிரி வரைதான் ஈடுகொடுக்கும். உலைத் தலை 130 டிகிரி ஆகும் இடத்தில் அதைப் போட்டால் உறை உருகாமல் இருந்தாலும் அளவு விலகிவிடும். விலை குறைவு என்று வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நிறத்தில் இன்னொரு சிக்கல். ஐ.இ.சி. முறையில் கே வகைக்குப் பச்சை நேர்மின், வெள்ளை எதிர்மின். அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்மின், சிவப்பு எதிர்மின். சிவப்பென்றால் நேர்மின் என்று பழகிய எலக்ட்ரீஷியன் அதைத் தலைகீழாக இணைப்பார், தலையிலும் கருவியிலும் ஒரே மாதிரி இணைப்பார். ஒரு முனையில் மட்டும் மாறினால் உலை சூடேற ஏற அளவு இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரு முனையிலும் மாறினால் அளவு ஏறத்தான் செய்யும். ஆனால் மேற்சொன்ன உலையில் 600க்குப் பதில் 552 காட்டும். தாமிரக் கேபிளின் பிழையைப் போல இரு மடங்கு. உலை குளிர்ந்திருக்கும்போது சோதித்தால் தலையும் அறையும் ஒரே சூட்டில் இருப்பதால் இந்தப் பிழைகளில் எதுவும் தெரியாது. கையில் காந்தம் இருந்தால் போதும்: கே.எக்ஸ். கம்பியில் காந்தம் ஒட்டுவது எதிர்மின்னான அலுமெல், ஒட்டாதது குரோமெல். ஹாட் ஏர் பிளோயரால் ஜங்ஷன் பாக்ஸ் டெர்மினலைச் சூடாக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அளவு நகர்ந்தால் அங்கே கேபிள் மாறியிருக்கிறது, அல்லது தலைகீழாக இருக்கிறது. சாதாரணப் பித்தளை டெர்மினல் குற்றமில்லை, அதன் இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்வரை.

கம்பியின் தடிமனைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். இன்றைய கருவிகள் மின்னோட்டம் ஏறக்குறைய இழுப்பதே இல்லை, 1.5 சதுர மில்லிமீட்டர் கே.எக்ஸ். சோடி 100 மீட்டருக்குச் சுமார் 67 ஓம் தடை காட்டினாலும் அளவு பெரிதாகக் கெடாது. இரைச்சல்தான் பகை. ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் மட்டுமே வரும் சமிக்ஞை இது. ஆகவே முறுக்கிய சோடி, உலோகத் திரை வேண்டும். அந்தத் திரையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். மோட்டார் கேபிள் போகும் டிரேயில் சேர்த்துப் போடக் கூடாது.

தூரம் நீண்டு புள்ளிகள் குறைவாக இருந்தால் தலையிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து மில்லிவோல்ட்டை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டச் சமிக்ஞையாக மாற்றிவிடலாம். குளிர்சந்தி அங்கேயே முடிந்துவிடுவதால் மிச்சத் தூரத்துக்குச் சாதாரணத் தாமிரக் கேபிள் போதும், ஈட்டு வடமே தேவையில்லை. ஆனால் அந்த டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 85 டிகிரிக்கு மேல் தாங்காதவை. உலைச் சுவரை ஒட்டிய தலை அதற்குள் அடங்குமா என்று அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.