துறைமுகப் படம் ஏன் ஒடுங்கிக் கிடக்கிறது?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: ‘எங்கள் ஊரைப் பற்றிய விக்கிப் பக்கத்தில் துறைமுகப் படம் மட்டும் நாடா மாதிரிக் கிடக்கிறதே, ஏன்?’

படத்தில் குற்றமில்லை, பெட்டியில்தான். விக்கிப் பக்கங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் படங்களை அடுக்கிக் காட்டும் ‘கேலரி’ (gallery) குறிச்சொல்லுக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், படம் ஒவ்வொன்றுக்கும் 120க்கு 120 பிக்சல் சதுரம் ஒதுக்கும். கோணேசர் கோபுரத்தின் 3:4 (அகலம்:உயரம்) நிலைக்குத்துப் படம் அதற்குள் 90க்கு 120 ஆக நிமிர்ந்து நிற்கும். 3:1 துறைமுகக் காட்சி 120க்கு 40 ஆகச் சுருங்கும்.

குறிச்சொல்லில் ‘மோட்’ (mode) என்பதற்கு ‘பேக்ட்’ (packed) என்று கொடுத்தால் சதுரம் போய்விடும். உயரம் மட்டும் பொதுவாகும். அழகே இனித்தான். 800 பிக்சல் அகலப் பக்கம் என்று வைப்போம். 120 உயரத்தில் துறைமுகம் 360, கன்னியா வெந்நீர்க் கிணறு (4:3) 160, கோபுரம் 90, மொத்தம் 610. அடுத்த புறாத்தீவுப் படத்துக்கு 180 வேண்டும். இடைவெளிகளோடு சேர்த்தால் கொள்ளாது, கீழ்வரிசைக்கு இறங்கிவிடும். மேல்வரிசையில் மிஞ்சிய வெற்றிடத்தை என்ன செய்வது? உலாவியில் ஓடும் சிறு நிரல் அகல-உயர விகிதங்களைக் கூட்டுகிறது: 3 + 1.33 + 0.75 = 5.08. இடைவெளிக்கு 20 போக மீதி 780ஐ அதனால் வகுக்கிறது. விடை ஏறக்குறைய 153. மூன்று படங்களும் அந்த உயரத்துக்கு வளர, அகலங்கள் 460, 205, 115 ஆகி இரு ஓரமும் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு படத்தின் நுனிகூட வெட்டப்படாது. ஒரே ஒரு வகுத்தல்!

வளர்ச்சிக்கு எல்லை 1.5 மடங்கு. வழங்கி (சர்வர்) அந்த அளவுக்குப் போதுமான தெளிவோடுதான் படத்தை அனுப்புகிறது. கடைசி வரிசையில் ஓரிரு படங்களே மிஞ்சி அந்த எல்லையைத் தாண்டப் பார்த்தால், முந்தைய வரிசைகளின் சராசரி வளர்ச்சியே அவற்றுக்கும். இல்லாவிட்டால் தனித்த புறாத்தீவு மட்டும் ஊதிப்போய் நிற்கும்.

வரிசைக்கு நான்கு படம் என்று சொல்லும் ‘பெர்ரோ 4’ (perrow) எழுதினால்தான் வரிசை ஒழுங்காகும் என்பது விக்கி மூடநம்பிக்கை. இந்த முறையில் அதற்கும் ‘விட்ஸ்’ (widths) என்ற அகல அளவுக்கும் வேலையே இல்லை. ‘ஹைட்ஸ்’ (heights) என்ற உயர அளவு ஒன்றுதான் செல்லும். ஒரு பக்கத்தில் நான்கு கேலரி இருந்தால் நான்கிலும் ஒரே ‘மோட்’, ஒரே உயரம் கொடுங்கள். பலர் தொகுக்கும் பக்கத்தில் முதலில் குழம்புவது இதுதான்.

விளக்கவரி படத்தின் அகலத்துக்குள்தான் மடியும். 115 பிக்சலில் ‘திருக்கோணேச்சரம்’ என்ற ஒரு சொல்லே ஏறத்தாழ முழு வரியையும் பிடித்துவிடும். ஆகவே கோபுரப் படத்தின் கீழ் ‘கோபுரம்’ போதும். வரலாறு கட்டுரை உடலுக்குள் போகட்டும்.