பத்து நிமிடம் தாங்குமா இந்த அறை?

எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி பக்கம் உள்ள துறைமுகம், மின்நிலையம், ஆலை எதை எடுத்துக்கொண்டாலும், தண்ணீர் படவே கூடாத அறை ஒன்றாவது இருக்கும். கன்ட்ரோல் ரூம், சர்வர் ரூம், பேனல் ரூம் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். அங்கே தீயை அணைக்க மூலையில் சிவப்பு சிலிண்டர்களும் கூரையில் வாயு பீச்சும் முனைகளான நாசில்களும் வைத்திருப்பார்கள். பல இடங்களில் அந்த சிலிண்டரில் இருப்பது எச்எஃப்சி-227இஏ என்ற வாயு. எஃப்எம்-200 என்ற வியாபாரப் பெயர் சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

இந்த வாயு சுடரின் வெப்பத்தை உறிஞ்சித்தான் முக்கியமாகத் தீயை அணைக்கிறது. அறைக் காற்றில் 8 சதவீதம் கலக்க வேண்டுமென்றால், 20 டிகிரி வெப்பத்தில் 100 கன மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 63 கிலோ வாயு தேவை. அது 10 விநாடிக்குள் வந்து கொட்ட வேண்டும். சுடர் பட்டால் வாயு சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு உண்டாகும். தீ சீக்கிரம் அணைந்தால் நச்சும் குறையும்.

சரி, புதிதாக மாட்டிய இந்த ஏற்பாடு வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திறந்துவிட்டுப் பார்க்கலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இது விலை அதிகமான வாயு; பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 3000 மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் ஒரு சோதனைக்காக, தீயணைக்கப் பயன்படும் வேறு வகையான மந்த வாயுவைத் திறந்துவிட்டார்கள். நாசில்களிலிருந்து கிளம்பிய பேரொலியின் அதிர்வில் ஹார்டு டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் முடங்கியது.

அதனால் வாயுவைத் தொடாமல், மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். குழாயில் 40 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி 10 நிமிடம் கசிவு பார்ப்பார்கள். அப்புறம் நைட்ரஜனை ஊதி, ஒவ்வொரு நாசில் வழியாகவும் காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். புகை உணரிகள் இரண்டு வரிசையாக இருக்கும். முதல் வரிசை புகையைக் கண்டால் மணி மட்டும் அடிக்கும். இரண்டாவதும் கண்டால்தான் சைரன் அலறி, ஏசி நின்று, காற்றுக்குழாய்களை அடைக்கும் தகடுகளான டேம்பர்கள் மூடி, வழக்கமாக 30 விநாடி எண்ணிக்கை ஓடும். உள்ளே இருப்பவர்கள் வெளியேறுவதற்கான நேரம் அது. அது முடிந்ததும் இதையெல்லாம் இயக்கும் கட்டுப்பாட்டுப் பேனல், சிலிண்டர் தலையில் வால்வைத் திறக்கும் மின்கருவியான சோலனாய்டுக்கு மின்சாரம் அனுப்பும்.

இங்கேதான் கவனம் தேவை. சோதனைக்கு முன்பே சோலனாய்டைக் கழற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும், அதன் நடுவே இருக்கும் ஊசி சட்டென்று வெளியே துள்ள வேண்டும். துள்ளினால் தேறியது. ஆனால் அந்த ஊசியைப் பழையபடி உள்ளே தள்ளாமல் சிலிண்டரில் திருகினால், திருகும்போதே வால்வு திறந்து மொத்த வாயுவும் போய்விடும். மெயின் கரண்டை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும் இதே சோதனையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

இவை எல்லாமே தேறினாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அடுத்து அறையைச் சோதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

8 சதவீத வாயு கலந்த காற்று, சாதாரணக் காற்றைப்போல் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம். அடியில் ஓட்டை விழுந்த பானைத் தண்ணீரைப்போல அது கீழ்ப்பக்கச் சந்துகளில் வடியும். மேல்பக்கச் சந்துகளில் வெளிக்காற்று நுழையும். வாயுவின் மட்டம் இறங்கி இறங்கி, கருவிகளை அடுக்கிய உயரமான ரேக்கின் தலை முதலில் வெளியே வரும். அங்கே கேபிள் இன்னும் சூடாக இருந்தால் தீ மறுபடி பிடிக்கும். அதனால்தான் வாயு குறைந்தது 10 நிமிடமாவது அந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்கிறார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் சாலையில் தீயணைப்பு வண்டி வந்து சேர ஆகும் நேரத்தை நினைத்தால், 10 நிமிடம் அதிகமே இல்லை.

இதை அளப்பது டோர் ஃபேன் டெஸ்ட். கதவு நிலையில் துணித் திரை கட்டி, அதில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, அறைக்குள் காற்றைத் தள்ளுவார்கள். பிறகு வெளியே இழுப்பார்கள். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு காற்று தேவைப்படுகிறது என்பதிலிருந்து, எல்லாச் சந்துகளின் மொத்தப் பரப்பையும், வாயு எத்தனை நிமிடம் நிற்கும் என்பதையும் கணக்கிடலாம். கடலோரக் கட்டடங்களில் மதியக் கடற்காற்று சுவரில் மோதி அளவைக் கெடுக்கும். காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

தேறாவிட்டால், விசிறியை ஓடவிட்டபடியே ஊதுபத்தி போன்ற புகைக்குச்சியோடு தேடல் தொடங்கும். கேபிள் ஓடுவதற்காக உயர்த்திப் போட்ட ஃபால்ஸ் ஃப்ளோர் தரையின் பலகையைத் தூக்கிக் குச்சியை நீட்டினால், நேராக எழும் புகை திடீரென வளைந்து, கேபிள் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஓட்டைக்குள் ஓடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பூசாமல் விட்ட சுவர், உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சரியாக மூடாத டேம்பர், கதவடியில் தேய்ந்துபோன ரப்பர் ஆகியவையும் அடிக்கடி மாட்டும். தீ தாங்கும் பூச்சால் அடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்த மாதமே ஒருவர் புதிய கேபிள் இழுக்கச் சுவரில் துளை போடுவார். அன்றைக்கே அதை அடைக்கச் சொல்லுங்கள். எத்தனை துளை போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை என்றால், விசிறியை மறுபடி கொண்டுவந்து அளப்பதுதான் ஒரே வழி.