முதலில் கூண்டின் போட்டோவைக் காட்டுங்கள்

வளர்ப்பு எலியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், "கூண்டு போட்டோ இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஸ்டெதாஸ்கோப் அப்புறம். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்தாலே பல நேரம் நோயின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

போன கோடையில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். ஷூ டப்பாவுக்குள் ஒரு வெள்ளை எலி. "மேடம், கண்ணுல ரத்தம் வருது" என்றான், குரலே எழும்பாமல். கண்ணோரத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டினேன். அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதன் சுரப்பில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி கலந்திருக்கும். எலிக்கு உடம்பு முடியாமல் போனாலோ, பயந்து ஒடுங்கிப்போனாலோ அது வழிந்து கண்ணீரே சிவப்பாகத் தெரியும். பயமுறுத்தியது கண்தான், எனக்குக் கவலை தந்தது மூச்சு. காதருகே பிடித்தாலே கறகறவென்று கேட்டது.

போட்டோவைக் காட்டினான். இரண்டடி மீன் தொட்டி, மேலே வலை மூடி, அடியில் தச்சுப்பட்டறையிலிருந்து அள்ளி வந்த மரத்தூள், நடுவில் ஒற்றை எலி. "வாரா வாரம் கிளீன் பண்றான் டாக்டர், நானே பாக்குறேன்" என்றார் அம்மா. அக்கறைக்கு அந்த வீட்டில் குறைவில்லை. இடம்தான் எலிக்கு ஒத்துவரவில்லை.

மீன் தொட்டியை ஏன் இப்படிக் கரித்துக்கொட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எலியின் சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் அந்தக் காற்று வெளியேற வழியில்லை. படுக்கைமேலேயே மூக்கை வைத்து எலி தூங்குகிறது. கடையில் வாங்கும் எலிகளில் பெரும்பாலானவற்றின் மூச்சுக்குழாயில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி ஏற்கெனவே குடியிருக்கும். காற்று சுத்தமாக இருந்தால் அது பல மாதம் சும்மா கிடக்கும். அம்மோனியா ஏறினால் மூச்சுப்பாதையின் உள்சுவர் புண்ணாகி, கிருமிக்குக் கதவு திறந்துவிடும். 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அம்மோனியாவே இந்த நோயை முற்றச் செய்கிறது என்று 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நமக்கு நெடி அடிக்கும்போது எலி அதற்குள்ளேயே நாட்கணக்காகக் கிடந்திருக்கும். மருந்து கொடுத்தால் இரைப்பு தணியும். கிருமி முழுசாகப் போகாது. அதனால்தான் கூண்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஆக, கம்பிக் கூண்டு. இரண்டு எலிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் இருந்தால் நன்றாக ஓடியாடும். ஹாம்ஸ்டருக்கென்று விற்கும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கூண்டுகள் எலிக்குச் சிறை. பெரிய கிளிக்கூண்டு பரவாயில்லை, ஆனால் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். குட்டிக்கும் பெண் எலிக்கும் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும். நான் பெரும்பாலும் பக்கத்து வெல்டிங் கடைக்குத்தான் அனுப்புவேன்: அரை அங்குல வெல்டு மெஷ், மேலே பவுடர் கோட்டிங், உங்கள் கை முழங்கை வரை போகிற அளவுக்குக் கதவு. கோட்டிங் போடாத வெறும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் சிறுநீர் ஊறி, எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. சீக்கிரம் துருவும் பிடிக்கும். எலியின் விலையைப் போலப் பல மடங்கு கூண்டுக்கு ஆகும். ஆகட்டும். கூண்டை முதலில் வாங்கி, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் எலியை வாங்கப் போங்கள்.

தரை கம்பியாக இருந்தால் மூடிவிடுங்கள். நாள் முழுக்கக் கம்பிமேல் நின்றால் உள்ளங்காலில் கொப்பளம் கிளம்பி, ஆறாத புண்ணாகும்.

படுக்கைக்கு வருவோம். மரத்தூளில் இரண்டு சங்கடம். ஒன்று, தூசி. இன்னொன்று, அது எந்த மரத்துத் தூள் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. பைன், தேவதாரு போன்ற மரங்களின் வாசனை எண்ணெயில் மூச்சுக்குழாயை எரிக்கும், கல்லீரலுக்கு வேலை வைக்கும் பொருட்கள் உண்டு. பேக்கிங் பெட்டிப் பலகை பலவும் பைன்தான். வைக்கோலும் வேண்டாம், தூசியோடு பேனும் உண்ணியும் வரும். நம் வீட்டில் சும்மா கிடப்பதே போதும்: மெழுகு பூசாத வெறும் காகிதத்தைக் கிழித்துத் தரையில் போடுங்கள், மேல்தட்டில் பழைய காட்டன் வேட்டியை மடித்து விரியுங்கள். டர்க்கி டவல் மட்டும் கூடாது, அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். நனைந்த காகிதத்தைத் தினமும் எடுத்துவிடுங்கள். முழுக் கூண்டையும் கழுவும் நாளில் பழைய காகிதம் ஒரு பிடியை மிச்சம் வையுங்கள். தன் வாசனை சுத்தமாகப் போய்விட்டால் எலி உடனே எல்லா இடத்திலும் சிறுநீர் தெளித்துப் பட்டா போடும். சிறுநீருக்கு அது ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தால், அங்கே ஒரு தட்டை வைத்து நடுவில் வழவழப்பான கூழாங்கல் ஒன்றைப் போடுங்கள். ஏனோ தெரியவில்லை, பல எலிகளுக்குக் கல்மேல் போகத்தான் பிடிக்கிறது.

அந்தப் படத்தில் மூன்றாவது தப்பு, ஒற்றை எலி. எலி கூட்டுக் குடும்பத்துப் பிராணி. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கும். நீங்கள் ஒரு மணி நேரம் கொஞ்சினாலும் மீதி 23 மணி நேரம் அதற்குத் துணை வேண்டும். இரண்டாக வாங்குங்கள், இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ. கடையில் ஆண் பெண் எல்லாவற்றையும் ஒரே டப்பில் போட்டிருந்தால், அங்கே வாங்கிய பெண் எலி வயிற்றில் குட்டியோடு வந்திருக்கலாம். ஐந்து வார வயதிலேயே குட்டிகள் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் வெறும் 21 முதல் 23 நாள். மூன்று வாரம் வயிற்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே எலி வளர்க்கிறவர்கள் புதியதை இரண்டு வாரம் வேறு அறையில் வையுங்கள். ஒரே அறையில் வேறு கூண்டு என்பது தனிமைப்படுத்தல் ஆகாது.

கூண்டை எங்கே வைப்பது? நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி. பால்கனி வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். எலிக்கு வியர்க்காது, நாய்போல மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. வாலின் வழியாகத்தான் சூட்டை விடும். 32 டிகிரியைத் தாண்டினாலே திண்டாடும். கத்திரி வெயிலில் கூண்டுக்குள் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, எலி நுழைய ஒரு வாசல் உடைத்து வையுங்கள். உடைந்த விளிம்பைத் தேய்த்துவிட்டு, வெளிப்புறத்தை நனைத்தால் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றியும் வைக்கலாம். வெளிச்சம் நேராக விழக் கூடாது, முக்கியமாகச் சிவப்புக் கண் வெள்ளை எலிக்கு. அதன் விழித்திரை பிரகாசத்தைத் தாங்காது.

தரையிலும் வைக்காதீர்கள். "வளர்ப்பு எலியால எலிக்காய்ச்சல் வருமா?" என்று கேட்காத வீடு இல்லை. அந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி தெரு எலி, பெருச்சாளியின் சிறுநீரில் வருகிறது. ராத்திரியில் அவை உங்கள் கூண்டின்மேல் ஏறி இறங்கினால் உங்கள் எலிக்கும் தொற்றும், அதன் வழியாக உங்களுக்கும். இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டு போடுங்கள், இரையை மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் வராது, பாட்டி காலத்துப் பலகாரப் பெட்டிக்குச் செய்ததுதான். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், கொசு முட்டை வைக்கும். எலி கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பின்னால் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு என்று வந்தால் டாக்டரிடம் "வீட்டில் எலி வளர்க்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆரோக்கியமான எலியின் வாயிலும் எலிக்கடிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். எலியை விரட்ட பிளக்கில் செருகும் அல்ட்ராசோனிக் கருவி வீட்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள். நமக்குக் கேட்காத அந்தச் சத்தம், 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் எலிக்குக் காதருகே அடிக்கும் சைரன்.

மிச்சச் சாமான்கள் எளிது. முனையில் உருளை உள்ள தண்ணீர்ப் பாட்டில். உருளை சிக்கியிருக்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். சக்கரம் வாங்கினால் கம்பி இல்லாத முழுத் தரையுள்ளதாக, 12 அங்குல விட்டத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கடிக்கப் பைன் அல்லாத மரத்துண்டு; முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். பல் மஞ்சளாக இருந்தால் பதறாதீர்கள், அதுதான் அதன் நிறம். இரையாக எலிக்கான பெல்லட் (அழுத்திச் செய்த தீனிக் கட்டி), நாளுக்கு 15 முதல் 20 கிராம். கூடக் கொஞ்சம் காய்கறி. சூரியகாந்தி விதை நிறைந்த பறவைத் தீனியில் எலி கொழுத்துவிடும். ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அந்தப் பையன் மூன்று வாரம் கழித்து மருந்து வாங்க வந்தான். நான் கேட்குமுன்பே போனை நீட்டினான். பவுடர் கோட்டிங் போட்ட கூண்டு. குறுக்கே கட்டிய தொட்டிலில் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு எலிகள் பின்னிக்கொண்டு தூங்கின. தொட்டில், அம்மாவின் பழைய நைட்டித் துணி. கண்ணில் சிவப்பு இல்லை. மூச்சில் லேசான கறகறப்பு மட்டும் இன்னும் இருக்கிறதாம். அது முழுசாகப் போகாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் கூடினால் உடனே கூட்டி வரச் சொல்லி அனுப்பினேன். மீன் தொட்டியில் இப்போது கப்பி மீன் விட்டிருக்கிறார்களாம்.