பிளர் போட்டால் மட்டும் ஊர் பொம்மையாகாது

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவார்கள். மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரை ஆக்கி, நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் அது குளம். சுற்றிலும் பிளாஸ்டிக் கார்கள், மரங்கள், மனிதர்கள். திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து கீழே தெரியும் தெப்பக்குளத்தையும் கடைத்தெருக்களையும் அந்தப் பார்க் போலவே ஒரு புகைப்படத்தில் காட்டிவிடலாம். டில்ட்-ஷிஃப்ட் பாணிப் படம் என்பது இதுதான். ஆனால் மொபைலில் மேலேயும் கீழேயும் மங்கலாக்கிப் பகிரப்படும் படங்களில் பல, பொம்மையாகத் தெரிவதில்லை. லென்ஸில் எண்ணெய்க் கை பட்டது போலத்தான் இருக்கின்றன. எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்.

முதலில், கண் ஏன் ஏமாறுகிறது? 50 எம்எம் லென்ஸை எஃப் 2.8 அபர்ச்சரில் (வெளிச்சம் நுழையும் திறப்பில்) வைத்து 30 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 15 மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். அதாவது, தூரத்து ஊர்க் காட்சியில் மங்கல் என்பதே இருக்காது. அதே லென்ஸை மேஜைமேல் இருக்கும் பொம்மைக்கு அருகில் கொண்டுபோனால் பொம்மையின் மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். மங்கல் இருந்தால் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆகவே சிறியது என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது.

பொம்மை ரயில் பிரியர்களின் 1:87 அளவில் ஒரு மனிதர் 2 சென்டிமீட்டர் உயரம்தான். உண்மையான ஊரை அந்த அளவுப் பொம்மை போல லென்ஸாலேயே மங்கலாக்க வேண்டுமானால், 50 எம்எம் எஃப் 2.8-இன் 18 மில்லிமீட்டர் திறப்பும் 87 மடங்கு பெரிதாக வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள லென்ஸ்! அது ஆகாத காரியம் என்பதால்தான் லென்ஸைச் சாய்க்கிறார்கள். படம் பதியும் சென்சாரும் லென்ஸும் இணையாக இல்லாதபோது, தெளிவாக விழும் ஃபோகஸ் தளமும் சாய்ந்துவிடும். ஆஸ்திரிய ராணுவத்தின் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் வான்வழிப் படங்களுக்காக 1904-இல் காப்புரிமை பெற்ற விதி இது. கட்டடங்களையும் பொருள்களையும் படமெடுப்பவர்கள் தெளிவைக் கூட்டவே இதைப் பயன்படுத்தினார்கள். நாம் நேர்எதிர்த் திசையில் சாய்க்கிறோம். இத்தாலியின் ஒலிவோ பார்பியெரி 2003 முதல் ஹெலிகாப்டரிலிருந்து நகரங்களை இப்படி எடுத்த பிறகே இந்தப் பாணி பரவலாகப் பேசப்பட்டது.

கையில் டில்ட் லென்ஸ், அதாவது சாய்க்கக்கூடிய லென்ஸ், இருந்தால் முறை இது. டிரைபாட் கட்டாயம். சாய்வைப் பூஜ்யத்தில் வைத்து, வெளிச்சம் அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். சாய்த்த பிறகு அளந்தால், குறிப்பாக டிஎஸ்எல்ஆர் கேமராவில், மீட்டர் தவறு காட்டும். அபர்ச்சரை முழுக்கத் திறங்கள். கேமரா கீழ்நோக்கி இருக்கும்போது லென்ஸ் மேல்நோக்கிச் சாய வேண்டும். கீழ்நோக்கிச் சாய்த்தால் தரை முழுவதும் தெளிவாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் குழம்புவது இங்கேதான். சாய்வை மாற்றும்போதெல்லாம் ஃபோகஸும் நகரும் என்பதால், லைவ் வியூவை (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியை) பெரிதாக்கி ஒவ்வொரு முறையும் கையால் சரிசெய்யுங்கள்.

ஆனால் இந்த எஃபெக்டுக்காக மட்டும் அந்த லென்ஸை வாங்காதீர்கள். புதிதாக வாங்கினால் பல மாடல்கள் லட்சம் ரூபாயைத் தாண்டும். கட்டடப் படங்கள் தொழிலாக இருந்தால் சரி. பொம்மை ஊருக்குச் சாதாரண லென்ஸும் எடிட்டிங்கும் போதும். அதுவே மேலும் நன்றாக வரும் என்பதற்கான காரணம் பின்னால் வருகிறது.

படத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது கோணம். பொம்மையை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். 30 முதல் 45 டிகிரி வரை கீழ்நோக்கிப் பாருங்கள். மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். அங்கிருந்து 50 எம்எம் லென்ஸைப் படுக்கைவாட்டில் பிடித்து 30 டிகிரி கீழே நோக்கினால், ஃபிரேமின் கீழ்விளிம்பு சுமார் 87 மீட்டர் தூரத்திலும், நடு 144 மீட்டரிலும், மேல்விளிம்பு 280 மீட்டரிலும் விழும். வானம் வராது, அடிவானமும் வராது. இன்னும் அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸ் என்றால் மேல்விளிம்பு அடிவானத்தைத் தொட்டுவிடும் நிலைக்குப் போய்விடும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையும் சேர்த்துக்கொள்ள ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அது சில கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட அடிவானத்தில் நிற்பது. அது உள்ளே வந்த நொடியே ஊர் நிஜ ஊராகிவிடும்.

தூசியும் பனிமூட்டமும் இதே துரோகத்தைச் செய்யும். மேஜைப் பொம்மைக்கும் நமக்கும் நடுவே வெளிறச் செய்யும் அளவுக்குக் காற்று கிடையாது. மழை ஓய்ந்த மறுநாள் காலை, நல்ல வெயில் விழுந்ததும் எடுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழ வேண்டும். மீதமுள்ள வெண்மையை எடிட்டிங்கில் டீஹேஸ் என்ற கருவி கொண்டு குறைக்கலாம். மனிதர்களும் வண்டிகளும் உறைந்து நிற்க ஷட்டர் 1/250 அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும்.

எடிட்டிங்கில் செய்யப்படும் பெரிய தவறு ஒன்றே ஒன்றுதான்: மங்கலைப் படத்தின் உயரத்தைப் பார்த்துப் போடுவது. பார்க்க வேண்டியது தூரத்தை. தட்டையான தரையில் இரண்டும் ஒன்றாகவே போகும்; அங்கே மங்கல் படத்தின் உயரத்தோடு சீராகக் கூடுவதால் ஒரு நேர்கோட்டுக் கிரேடியன்ட் (படிப்படியாகக் கூடும் மங்கல்) போதும். 2010-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெல்ட், கூப்பர், ஓபிரையன், பேங்க்ஸ் ஆகியோர் செய்த ஆய்வும் காட்டியது இதைத்தான்: கிரேடியன்ட் காட்சியின் ஆழத்தோடு ஒத்துப்போனால் கண் நம்புகிறது, குறுக்கே போனால் நம்புவதில்லை.

சிக்கல் நிமிர்ந்து நிற்பவற்றில் வருகிறது. கோபுரத்தின் அடி தெளிவான பட்டையில் இருக்கும். உச்சி, படத்தில் மேலே இருக்கிறது என்பதற்காக மங்கிப்போகும். ஆனால் அடிக்கும் உச்சிக்கும் தூர வித்தியாசம் அதிகமில்லை. தலை கரைந்த கோபுரமே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். நிஜ டில்ட் லென்ஸிலும் இதே குறை உண்டு, அங்கே சாய்வது ஃபோகஸ் தளமே என்பதால். எடிட்டிங்கில் இதைத் திருத்தலாம், லென்ஸில் முடியாது.

திருத்தும் வழி: ஃபோட்டோஷாப்பில் புதிய ஆல்ஃபா சேனல் (கறுப்பு-வெள்ளையில் மட்டும் இருக்கும் தனி அடுக்கு) ஒன்றில் கீழிருந்து மேலாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குக் கிரேடியன்ட் இழுங்கள். கோபுரம், மின்கம்பம், செல்போன் டவர், மரம் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, அதன் அடி தரையைத் தொடும் இடத்தில் என்ன சாம்பல் நிறம் இருக்கிறதோ அதே சாம்பலை உச்சிவரை பூசுங்கள். பிறகு லென்ஸ் பிளர் ஃபில்டரில் இந்தச் சேனலை, எது எவ்வளவு தூரம் என்று காட்டும் ஆழ வரைபடமாகக் கொடுத்து, தெளிவாக இருக்க வேண்டிய சாம்பலை ஃபோகல் டிஸ்டன்ஸாக வையுங்கள். அவசரத்துக்கு பிளர் கேலரியின் டில்ட்-ஷிஃப்டைப் போட்டு, உயரமானவற்றை மட்டும், பிளரை மறைக்கும் மாஸ்க்கால் மீட்கலாம். காஸியன் பிளர் வேண்டாம். அது விளக்குப் புள்ளிகளை வட்டமாக்காமல் பஞ்சாக்கிவிடும்.

தெளிவான பட்டை உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலர் சாச்சுரேஷனை 20 முதல் 30 வரை ஏற்றலாம், புதுப் பெயின்ட் அடித்த பொம்மை போல வரும். பிளர் பட்ட இடத்தில் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) அழிந்து, தெளிவான பட்டையில் மட்டும் எஞ்சும். கடைசியில் படம் முழுவதற்கும் சிறிது கிரெயின் (செயற்கையான பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் ஒட்டு தெரியாது.

வீடியோவில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. சிறிய பொருள் சட்டென்று விழும், சட்டென்று திரும்பும். அந்த வேக வித்தியாசம் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முன்பு பார்த்த 1:87 அளவுக்கு, 87-இன் வர்க்கமூலம் 9.3 என்பதால், ஒன்பது மடங்கு வேகப்படுத்துங்கள். பத்து நொடி வீடியோவுக்கு 90 நொடி பதிவு போதும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் பூட்டாவிட்டால் ஓட்டும்போது வெளிச்சம் மினுமினுக்கும்.

டிரோன் பறக்கவிடுவதானால் முதலில் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

வெள்ளம், விபத்து, கூட்ட நெரிசல் போன்ற செய்திப் படங்களில் இந்த எஃபெக்ட் வேண்டவே வேண்டாம். மங்கிய பகுதியில் இருந்த உடைந்த சுவரும் விழுந்த மனிதரும் பார்வையாளருக்குத் தெரியாமல் போகும், துயரமும் விளையாட்டுப் பொருளாகிவிடும். மற்ற இடங்களில் வெளியிடும்போது டில்ட்-ஷிஃப்ட் எஃபெக்ட் என்று படக்குறிப்பில் எழுதி, பிளர் போடாத அசல் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) தனியே பத்திரப்படுத்துங்கள்.